சான் போடாத பெயர்

கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் என் கை ஓடாது. நிதானமாக எழுதியிருக்கிறேன், நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

கே.ஜி.கண்டிகை டீக்கடை வாசலில் காலையில் ஐந்தாறு பெண்கள் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு நாள் ஒரு சின்னப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "ஓஹாயோ கொசாய்மாஸ், ஓஹாயோ கொசாய்மாஸ்" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் கம்பெனியில் ஜப்பான்காரர்கள் இருக்கிறார்களாம், காலை வணக்கம் சொல்லத் தெரிய வேண்டுமாம். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். எழுந்து நின்று, கைகளைத் தொடைமேல் வைத்து, இடுப்பை அளவாக வளைத்து, "ஓஹாயோ கொசாய்மாஸ்" என்று பதில் சொன்னேன்.

"ஐயே, ஆயாவுக்கு ஜப்பான் தெரியுமா?" என்றாள் புத்தகக்காரி.

"ஆங், தெரியும். உங்கம்மா பொறக்கறதுக்கு மின்னாடியே தெரியும்."

"சும்மா டிவியில பாத்துட்டு சொல்லுதுடி," என்றாள் இன்னொருத்தி. அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. டிவியில் பார்த்துக் கற்றவள் இல்லை நான். சேற்றில் நின்று கற்றவள்.

அறுபதுகளில் எங்கள் ஊருக்கும் திருத்தணிக்கும் நடுவில் சர்க்கார் ஒரு நெல் பண்ணை வைத்தார்கள். ஜப்பான் முறையில் நெல் பயிரிட்டுக் காட்டுவதற்கான பண்ணை. அதற்குத் தலைவராக ஜப்பானிலிருந்தே ஒருவர் வந்தார். பெயர் இஷிதா. ஐம்பது வயதிருக்கும். மெலிந்த தேகம், கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. அவர் பேச்சை எங்களுக்குத் தமிழில் சொல்ல சண்முகம் சார் இருந்தார். ஜப்பானுக்கு ஆறு மாதம் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த விவசாய உதவியாளர் அவர். நடவு ஆட்களாகப் பதினான்கு பெண்களை எடுத்தார்கள். நான் ஒருத்தி, என் வீட்டுக்காரரின் தங்கை குப்பம்மா ஒருத்தி. கூலி வேலைக்கு என்று போன நான், அந்தப் பண்ணையிலேயே பெண்கள் மேஸ்திரியாகி, எண்பதுகளில் ஓய்வு பெற்றேன்.

கற்றுக்கொண்டதை வளர்த்தாமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் நாங்கள் நட்டதெல்லாம் கைக்கு வந்தபடி, கொத்துக் கொத்தாக. பண்ணையில் கயிறு பிடித்து நட வேண்டும். கயிற்றில் பத்து அங்குலத்துக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சு இருக்கும். இரண்டு வரப்பிலும் இரண்டு பேர் கயிற்றை இழுத்துப் பிடிக்க, முடிச்சுக்கு நேராக இரண்டே நாற்று, விரலின் முதல் கணு முங்கும் ஆழத்துக்கு. நட்டு முடித்ததும் "கயிறு!" என்று கத்துவோம். கயிறு ஒரு சாண் பின்னால் நகரும், நாங்களும் நகர்வோம். கை பழக எனக்கு ஒரு போகம் பிடித்தது, குப்பம்மாவுக்கு இரண்டு.

முதல் நாள் இஷிதா சான் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு எங்களோடு சேற்றில் இறங்கி நட ஆரம்பித்தார். நாற்று நடுவது எங்கள் பக்கத்தில் பெண்கள் வேலை. ஆண்கள் ஏர் ஓட்டுவார்கள், நாற்று பிடுங்குவார்கள், நட மட்டும் மாட்டார்கள். குப்பம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தொரைக்கு ஒரு பொடவ குடுங்கடி, குனிஞ்சு நடறாரு பாவம்!"

பதினான்கு பேரும் சிரித்தோம். அவர் நிமிர்ந்து, என்ன என்று சண்முகம் சாரைக் கேட்டார். சாருக்குச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. சொல்லிவிட்டார். மறுநாள் காலை இஷிதா சான் அந்த வெள்ளைத் துண்டை முக்காடு போலப் போட்டுக்கொண்டு வந்து குப்பம்மாவுக்குப் பக்கத்தில் நின்று நட்டார். அதற்கப்புறம் குப்பம்மா அவரைக் கிண்டல் செய்ததை நான் கேட்கவில்லை. வேறு யாராவது செய்தால் சண்டைக்குப் போவாள்.

இப்போது வார்த்தைகளுக்கு வருகிறேன்.

காலையில் நாங்கள் வரப்பில் வரிசையாக நிற்போம். அவர் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை நடந்து, ஒவ்வொருத்தி பெயரையும் சொல்லி, அதோடு "சான்" சேர்த்து, "ஓஹாயோ கொசாய்மாஸ்" என்பார். "கன்னியம்மா சான்" என்று முதல் தடவை கூப்பிட்டபோது நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று. சான் என்றால் நம் "ங்க", "அவர்கள்" மாதிரி ஒரு மரியாதை என்று சண்முகம் சார் சொன்னார்.

ஊரில் அன்றைக்கு என்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தால்தான் இது புரியும். மேலத்தெருவில் பத்து வயதுப் பிள்ளைகூட "ஏய் கன்னி" என்றுதான் கூப்பிடும். "வாடி, போடி" என்பார்கள். அதற்கு நாங்கள் வருத்தப்பட்டதாகக்கூட எனக்கு நினைவில்லை. வெயில் அடிப்பது போல அது பாட்டுக்கு இருந்தது. அதனால் அந்தச் "சான்" என் காதுக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று. பழகின பிறகு அதைக் கேட்காத நாள் விடிந்த மாதிரியே இராது.

வேலை தொடங்கும்போது "ஒனெகாய்ஷிமாஸ்" என்பார். தயவு செய்து செய்துகொடுங்கள் என்று பொருள். கூலிக்கு வந்தவர்களிடம் தயவு கேட்ட ஆளை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் "ஒத்சுகாரேசாமா": களைத்துப் போனீர்கள் என்று நம் களைப்புக்கு ஒரு மரியாதை. சாப்பிட உட்கார்ந்ததும் கையைக் கூப்பி "இதடாகிமாஸ்" என்பார், சாப்பிட்டு முடித்ததும் "கொச்சிசோசாமா". சமைத்தவர், விளைவித்தவர் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிற நன்றி அது. அவர் டப்பாவில் சோறும் எலுமிச்சை ஊறுகாயும்தான் இருக்கும். அதற்கே அவ்வளவு வணக்கம். "சுமிமாசென்" சின்னத் தப்புக்குக் கேட்கிற மன்னிப்பு. ஒருவரைத் தாண்டிப் போவதற்கும் அதுவே. "அரிகாதோ கொசாய்மாஸ்" நன்றி. "ஹாய்" என்றால் ஆங். ஆனால் அது காதில் விழுந்தது என்பதற்கான ஆங். ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமாகாது. உங்கள் கம்பெனியில் ஜப்பான்காரர் ஹாய் ஹாய் என்று தலையாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

சானுக்கு மேலே "சாமா" ஒன்று இருக்கிறது. திருத்தணி மலையைக் காட்டி, அங்கே இருப்பது யார் என்று அவர் கேட்டார். முருகன் என்றோம். அன்றிலிருந்து "முருகன் சாமா" என்பார், மலைப்பக்கம் பார்த்து லேசாகத் தலை குனிவார். "பாத்தியா அண்ணி, ஊர் விட்டு ஊர் வந்தவருக்கு இருக்கற பக்தி உனுக்கு இல்ல," என்பாள் குப்பம்மா.

வரிசை கோணினால் திட்ட மாட்டார். கோணின நாற்றைத் தானே பிடுங்கி, நம் கையில் கொடுத்து, "மோ இச்சிதோ" என்பார். மறுபடி ஒரு தரம் என்று பொருள். முகத்தில் கோபம் இராது. மறுபடியும் கோணினால் மறுபடியும் "மோ இச்சிதோ". ஒரு நாள் என்னிடம் அதையே ஒன்பது முறை சொன்னார். பத்தாவது முறை நேராக வந்தது. ஒன்பதுக்கும் பத்துக்கும் அவர் குரலில் வித்தியாசமே இல்லை. திட்டு வாங்கியிருந்தால் ஐந்தாவதிலேயே நாற்றை வீசிவிட்டு வந்திருப்பேன்.

மூன்றாவது வருஷம் விதைப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். அந்த வேலையின் முறையைச் சரியாகச் சொல்லியாக வேண்டும், பின்னால் வருவதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஒரு தொட்டியில் நல்ல தண்ணீர் பிடித்து, புது முட்டை ஒன்றைப் போட வேண்டும். முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வர, முட்டை எழுந்து நிற்கும், பிறகு மிதக்கும். தண்ணீருக்கு மேலே நாலணாக் காசு அகலத்துக்கு முட்டை தெரிந்தால் உப்பு போதும். அதில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறையும் மேலே வரும், வாரி எறிந்துவிடலாம். அடியில் தங்குவதுதான் விதை. அதை உடனே எடுத்து நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலச வேண்டும். தொட்டியையும் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகுதான் ஊற வைப்பது. ஒரு பகல் ஒரு ராத்திரி ஊறியதும் கோணியில் கட்டி, வைக்கோல் மூடி, முளை வர வைப்போம். உப்பு தங்கிவிட்டால் முளை வராது. மூன்று தரம் என்பதை அவர் எனக்கு மூன்று விரலைக் காட்டித்தான் சொல்லுவார்.

அந்த வருஷம் மேலத்தெரு விவசாயிகள் ஏழு பேர் முதன்முதலாகச் சம்மதித்திருந்தார்கள். தங்கள் விதையைப் பண்ணையில் கொடுப்பார்கள். நாங்கள் உப்புத் தண்ணீரில் தேர்ந்து, முளை கட்டி, பண்ணையிலேயே நாற்று விட்டுத் தருவோம். அவர்களைச் சம்மதிக்க வைக்க இஷிதா சான் இரண்டு வருஷம் அந்தத் தெருவுக்கு நடந்தார். "கடல் தண்ணியில வெதைய முக்கறானே, இவன் பைத்தியமா?" என்று கேட்டவர்கள் அவர்கள். ஏழு பேரும் வீட்டில் வேறு விதை வைத்துக்கொள்ளவில்லை. நம்பிக் கொடுத்துவிட்டார்கள்.

விதை தேர்கிற நாள் ஆடிக் கிருத்திகையாக அமைந்தது. எனக்குப் புஷ்பக் காவடி வேண்டுதல் இருந்தது. மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்ட வேண்டுதல். பண்ணை வேலியை ஒட்டிய சாலையில் காலையிலிருந்தே பம்பை சத்தமும் அரோகராவும். பண்ணை விதையை முதலில் தேர்ந்து, ஒழுங்காக மூன்று தரம் அலசி வைத்தேன். அடுத்தது ஏழு பேர் விதை. ஒரு தரம் அலசினோம். கிணற்றில் தண்ணீர் ஆழத்துக்குப் போயிருந்தது, இறைக்க இறைக்கத் தோள் கழன்றது. வெளியே எங்கள் ஊர்க் காவடி கிளம்பிவிட்டது.

"போதும், ஊற வெச்சிடலாம்," என்றேன்.

"மூணு தரம் அலசணுமே அண்ணி. தொட்டியில உப்பு வேற ஒட்டிக்கினு கீது."

"இன்னா பெரிய உப்பு? முருகன் பாத்துக்குவான், வாடி."

உப்புத் தண்ணீர் வைத்திருந்த அதே தொட்டியிலேயே விதையைக் கொட்டி, தண்ணீரை ஊற்றி மூடினேன். கிளம்பும்போது எதிரே இஷிதா சான் வந்தார். திருவிழா என்று அவருக்குத் தெரியும், அரைநாள் லீவு அவரே கொடுத்ததுதான். சிரித்துக்கொண்டே மூன்று விரலைக் காட்டினார்.

"ஹாய்," என்றேன்.

காதில் விழுந்தது என்றுதான் சொன்னேன் என்று பின்னால் நான் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. பொய் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னேன். மலை ஏறினேன், காவடி செலுத்தினேன், நிம்மதியாகக் கீழே இறங்கினேன். அந்த நிம்மதிதான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் கோணிகளைப் பிரித்தோம். பண்ணை விதை வெள்ளை வெளேரென்று முளை விட்டிருந்தது. ஏழு பேர் விதைக் கோணியைப் பிரித்ததும் புளித்த வாடை வந்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று முளை. மற்றதெல்லாம் செத்த விதை.

இஷிதா சான் குந்தி உட்கார்ந்தார். ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். கடித்ததைத் துப்பவில்லை, நாக்கில் வைத்துக்கொண்டே தொட்டிப் பக்கம் போய், அடியில் விரலை ஓட்டி, அந்த விரலை நாக்கில் வைத்தார். எழுந்து எங்களைப் பார்த்தார். யாரையும் தனியாகப் பார்க்கவில்லை.

சண்முகம் சார் எங்களிடம் தமிழில் மெதுவாகச் சொன்னார். "யாரும் வாயத் தொறக்காதீங்க. வெதை பழசுன்னு சொல்லிடலாம். அவங்க குடுத்த வெதைதானே."

நல்ல மனசில் சொன்னார். வேலை போய்விடுமே என்று. குப்பம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு வேலையைவிட அந்தக் காலை வரிசைதான் கண்ணில் நின்றது. இனி அதில் எனக்கு இடமில்லை, இனி சான் இல்லை. ஆனாலும், தெரியாத மாதிரி நின்றுவிட்டு மறுநாள் காலை அவர் வாயால் "கன்னியம்மா சான்" என்று கேட்க என்னால் முடியாது. நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"வாதாஷி தெஸ்," என்றேன். நான்தான் என்று பொருள். மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல், நானாக ஜப்பான் மொழியில் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இஷிதா சான் தன் அறைக்குப் போனார். கால் கழுவி, சலவைச் சட்டை போட்டு, அந்த வெயிலில் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, போகலாம் என்று கை காட்டினார். அவர் முன்னால், நான் பின்னால், சண்முகம் சார் நடுவில், மேலத்தெருவுக்கு நடந்தோம்.

முதல் வீடு மணியக்காரர் வீடு. அவர் ஊர்ப் பெரிய மனிதர். வாசலுக்கு வந்தார்.

"வாங்க தொர, இன்னா இவ்ளோ தூரம்? உள்ள வாங்க." பிறகு என்னைப் பார்த்தார். "ஏய் கன்னி, நீ அங்கயே நில்லுடி."

இஷிதா சான் படியில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தார். நான் நின்றுவிட்டதைப் பார்த்தார். காலை எடுத்துவிட்டு இறங்கி வந்து, தெருவில் என் பக்கத்தில் நின்றார்.

"உள்ள கூப்பிடறாரு சார்," என்றார் சண்முகம் சார். இஷிதா சான் தலையை ஆட்டி மறுத்தார். செருப்பைக் கழற்றினார். சுடுகிற மண்ணில் வெறுங்காலோடு நின்று, இடுப்பை வளைத்தார். நாற்று நடும்போது நாங்கள் வளைகிற அளவுக்கு. அப்படியே நின்று பேசினார். அதில் எனக்குப் புரிந்தது இரண்டுதான். ஒன்று, "மோஷிவாகே அரிமாசென்." சுமிமாசெனுக்கெல்லாம் மேலே, சொல்ல வார்த்தையே வராத பெரிய தப்புக்குக் கேட்கிற மன்னிப்பு. இன்னொன்று என் பெயர்.

கன்னியம்மா. அவ்வளவுதான். பின்னால் சான் இல்லை.

சண்முகம் சார் தமிழில் சொன்னார். "உங்க வெதையெல்லாம் செத்துடுச்சு. பண்ணையில அலசறதுல தப்பு நடந்துபோச்சு. அவரோட தப்பு, அதுக்கு மன்னிப்புக் கேக்கறாரு."

"அவரு தப்பா? இவ தப்பா?" என்றார் மணியக்காரர், என்னைக் காட்டி.

சண்முகம் சார் அதை ஜப்பான் மொழியில் கேட்டார். இஷிதா சான் வளைந்தபடியே பதில் சொன்னார். மறுபடி என் பெயர் வந்தது, மறுபடி மொட்டையாக.

"இது அவரோட தப்புதான்னு சொல்றாரு," என்றார் சண்முகம் சார்.

மணியக்காரர் கோபமாகத்தான் வந்தார். ஆனால் தன்னைவிட மூத்தவர், நம் நாட்டுக்காரர்கூட இல்லை, தெருவில் வெறுங்காலோடு முதுகை வளைத்து நிற்கிறார். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "நிமுரச் சொல்லுப்பா, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க," என்று சண்முகம் சாரை அவசரப்படுத்தினார். அப்போதும் இஷிதா சான் நிமிரவில்லை. பண்ணை நாற்றைத் தருகிறேன், இந்தப் போகம் உங்கள் வயல் காலியாக இருக்காது என்று சொல்லிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அப்படி ஏழு வீடு. ஏழு வீட்டிலும் அவர் எனக்குப் பக்கத்தில் தெருவிலேயே நின்றார். ஏழு வீட்டிலும் என் பெயரை மொட்டையாகவே சொன்னார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். அவர் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி இவரும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார், செய்த காரியத்துக்கு இதுதான் கூலி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை.

வெயில் ஏறும் நேரத்துக்குக் குப்பம்மா ஓடி வந்தாள்.

"இன்னா அண்ணி இது, அந்தாளு வரிசையில உன் எடத்தக் காலியா வுட்டு வெச்சிக்கினு கீறாரு. அங்க வந்து நின்னு, உன் பேரச் சொல்லி, வணக்கமும் சொல்லிட்டுப் போறாரு. ஆளே இல்லாத எடத்துக்கு!"

"சான் போட்டாரா?"

"இன்னாது?"

"சான் போட்டாராடி?"

"போட்டாரே. எப்பவும் போலத்தான். ஏன், உனுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூந்தலை முடிந்துகொண்டு பண்ணைக்குப் போய், நேராகச் சண்முகம் சாரிடம் கேட்டேன். மேலத்தெருவில் ஏழு வீட்டிலும் போடாத சானை, ஆளில்லாத வரப்பில் ஏன் போட்டார்?

சார் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இதுக்கா வராம இருந்த? அவங்க வழக்கம் அது கன்னியம்மா. நம்மளச் சேந்தவங்களப் பத்தி வெளியாளுகிட்ட பேசறப்போ மரியாத போடக் கூடாது. போட்டா நம்ம வீட்டப் பத்தி நாமளே பெருமையடிச்ச மாதிரி. அவரு வீட்டம்மாவப் பத்தி எங்கிட்ட பேசறப்போ வெறும் பேருதான். நைனாவப் பத்திப் பேசினாலும் அப்படித்தான். பண்ணைக்குள்ள நீ அவருக்குக் கன்னியம்மா சான். நேத்து மேலத்தெருவுல நீ அவரு ஊட்டு ஆளு."

நான் அந்த இடத்திலேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வீட்டிலும் அவர் சொன்ன என் பெயரை ஒவ்வொன்றாக மறுபடி நினைத்துப் பார்த்தேன். முந்தின நாள் ஒவ்வொன்றும் ஒரு முள். இப்போது அதே ஏழும் வேறாக இருந்தன.

எழுந்து இஷிதா சானிடம் போனேன். வளைந்து, "மோஷிவாகே அரிமாசென்," என்றேன். முந்தின நாள் ஏழு தடவை கேட்டிருந்ததால் பிசகாமல் வந்தது. அவர் என்னைவிடக் கொஞ்சம் குறைவாக வளைந்து, "கன்னியம்மா சான்," என்றார். பிறகு மூன்று விரலைக் காட்டி, "மோ இச்சிதோ," என்றார். விதை வேலையை என்னிடமிருந்து எடுக்கவில்லை.

சொன்னபடி பண்ணை நாற்றில் பெரும்பங்கு ஏழு பேர் வயலுக்குப் போயிற்று. பதினான்கு பேரும் மேலத்தெருக்காரர் வயலில் கயிறு பிடித்து நட்டோம். வரப்பில் நின்ற மணியக்காரர், "கன்னி, கயிறு கோணிக்கினு போவுது பாரு," என்றார். அந்த "டி" அன்றைக்கு வரவில்லை, அதன்பின் என்னிடம் ஒரு நாளும் வரவில்லை. "ங்க" போட்டாரா என்று கேட்காதீர்கள். அது அவர் வாயில் வர நான் மேஸ்திரியாக வேண்டியிருந்தது.

பண்ணையின் மூன்று வயலில் இரண்டு அந்தப் போகம் காலியாகக் கிடந்தது. மெட்ராஸிலிருந்து அதிகாரிகள் பார்க்க வந்தபோது, இஷிதா சான் பச்சையாக இருந்த வயலைக் காட்டவில்லை. காலி வயலுக்குத்தான் முதலில் கூட்டிப் போனார். நடந்ததைச் சொன்னார். என் பெயரை அங்கேயும் மொட்டையாகச் சொன்னார். நான் நிமிர்ந்து நின்றேன். அதிகாரிகளில் ஒருவர் அவர்மேல் எரிந்து விழுந்தார். அதை நின்று வாங்கிக்கொண்டார். அறுவடையில் ஏழு பேர் களத்திலும் நெல் நிறைந்தது. அடுத்த வருஷம் விதை கொடுக்க மேலத்தெருவே வந்தது. ஒவ்வொரு கோணி விதையையும் நான்கு தரம் அலசினேன். அவர் மூன்று விரலைக் காட்டுவார், நான் நான்கைக் காட்டுவேன். சிரிப்பார்.

இன்னும் மூன்று வருஷம் இருந்துவிட்டு அவர் ஊருக்குத் திரும்பினார். அரக்கோணம் ஸ்டேஷன் வரைக்கும் பதினான்கு பேரும் பஸ் ஏறிப் போனோம். மலையிலிருந்து வாங்கிய விபூதிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, நெற்றிக்கு நேரே தூக்கினார். ரயில் நகரும்போது ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போனார், காலை வரிசையில் சொல்வது போல, ஒருத்தியையும் விடாமல், சான் போட்டு. குப்பம்மா பெயர் வருவதற்குள் ரயில் பிளாட்பாரத்தைத் தாண்டிவிட்டது. "எனுக்கும் சொன்னாரு, வாய் அசைஞ்சுது, நான் பாத்தேன்," என்று திருத்தணி வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்கப்புறம் வரவில்லை. சண்முகம் சாரும் மாற்றலாகிப் போனார். பண்ணை முழுக்க நம் ஆட்கள் கைக்கு வந்தது. புதிதாக வந்த ஒரு மேனேஜர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, "அந்த ஜப்பான்காரர் எப்படிப்பட்டவரும்மா?" என்று கேட்டார்.

"யாரு, எங்க இஷிதாவா?" என்றேன்.

குப்பம்மா என் விலாவில் கிள்ளினாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "உனுக்கு இன்னா திமிரு அண்ணி! அவ்ளோ பெரிய மனுசன, பேர மொட்டையாச் சொல்ற? எங்க அண்ணன் பேரையே இன்னிக்கு வரைக்கும் உன் வாயால சொன்னதில்ல நீ!"

உண்மைதான். என் வீட்டுக்காரர் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. எங்கள் வழக்கம் அது. அவருடைய வழக்கம் வேறு. இரண்டையும் நான் அந்தந்த இடத்தில் காப்பாற்றுகிறேன்.

கம்பெனிக்குப் போகும் பெண்களே, உங்கள் புத்தகத்தை அப்புறம் ஒரு நாள் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். வார்த்தைகளெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். உருப்போடுங்கள். வணக்கத்தை ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு வளையுங்கள். தப்பு செய்தால் ஒரு அடி முன்னால் வந்து, நான்தான் என்று சொல்லுங்கள். உங்கள் மேலதிகாரி இஷிதா மாதிரி இருப்பார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இருந்தாலும் சொல்லுங்கள்.

எழுதினதை முதல் பக்கத்திலிருந்து ஒரு தரம் படித்துப் பார்த்தேன். நான் செய்திருக்கும் தப்பு இப்போதுதான் கண்ணில் பட்டது. நீங்கள் வெளியாட்கள். உங்களிடம் சொல்லும்போது அவருக்கு நான் சான் போட்டிருக்கக் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் போட்டு வைத்திருக்கிறேன். கை பழக்கம். அவர் பார்த்தால் திட்ட மாட்டார். கோணின நாற்றைப் பிடுங்கிக் கையில் கொடுக்கிற மாதிரி இந்தத் தாளைத் திருப்பிக் கொடுப்பார்.

ஆகையால், மோ இச்சிதோ.

என் பெயர் கன்னியம்மா. விதைக்கு நான் பொறுப்பு. எங்கள் பண்ணைத் தலைவர் பெயர் இஷிதா.